செழியனுக்கு அம்மா எழுதுவது

கிருஷ்ணகிரி
தை மாதம்

கண்ணு செழியா,

இங்கே நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. செந்தூரா மா நன்றாகப் பூவெடுத்திருக்கிறது, அதைப் பிறகு எழுதுகிறேன். இந்தியாவில் வேலைக்கு விண்ணப்பிக்கப் பரிந்துரைக் கடிதம் வேண்டுமே, யார் யாரிடம் கேட்டிருக்கிறாய்?

செர்ன் துகள் ஆய்வுக்கூடத்தில் உங்கள் சி.எம்.எஸ். குழு போடும் கட்டுரைகளில் உன் பெயரைத் தேடிப் பார்க்கும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நிறுவனவாரியாகப் போடும் அகரவரிசை, யார் எவ்வளவு செய்தார் என்ற வரிசை இல்லை. 2015-ல் ஹிக்ஸ் துகளின் நிறைக்காக அங்கேயே இருக்கும் அட்லஸ் குழுவும் சி.எம்.எஸ்.ஸும் சேர்ந்து போட்ட கட்டுரையில் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயர்ப் பட்டியல்தான். அதில் இன்னார் இன்னது செய்தார் என்று தேர்வுக்குழு எப்படிக் கண்டுபிடிக்கும்? கடிதம்தான் சொல்ல வேண்டும்: ஜெட் என்கிற துகள் கற்றையின் ஆற்றல் அளவைத் திருத்தியது இவன், பிழை குறைந்தது இவனால் என்று. "நல்ல உழைப்பாளி" என்று இரண்டு வரி எழுதும் பெரிய மனிதர் வேண்டாம். உன் வரைபடத்தை உட்கார்ந்து திருத்தியவரிடம் கேள். மூன்று கடிதத்தில் ஒன்றாவது இப்போதைய குழுவுக்கு வெளியிலிருந்து வரட்டும். கெடுவுக்கு ஒரு மாதம் முன்பே சி.வி., ஆய்வுத் திட்டம், தேதிப் பட்டியல் மூன்றையும் எழுதித் தருகிறவர்களுக்கு ஒரே மெயிலில் அனுப்பு. இரண்டு கடிதம் வந்து ஒன்று வராவிட்டால் விண்ணப்பம் அப்படியே கிடக்கும். நீதான் விண்ணப்பத் தளத்துக்குள் போய்ப் பார்த்து ஞாபகப்படுத்தணும். கூச்சப்படாதே.

வெளிநாட்டிலிருந்து திரும்பும் இந்திய விஞ்ஞானிகளுக்கு அரசு தரும் ராமானுஜன் ஃபெல்லோஷிப்புக்கு 40 வயதுதான் எல்லை. வெளிநாட்டில் இருக்கும்போதே போட வேண்டியது, ஊருக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. அதுவும் 5 வருஷம்தான், நிரந்தர வேலை இல்லை. பிறகு என்ன என்று இடம் கொடுக்கிற நிறுவனத்தாரிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொள். ஆய்வுத் திட்டத்தில் டிடெக்டர் (துகளைப் பதியும் கருவி) கட்டுவேன் என்று அளக்காதே. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று செர்ன் ஓப்பன் டேட்டா தளத்தில் போட்டிருக்கும் சி.எம்.எஸ். தரவை வைத்து இரண்டு மாணவர்களோடு என்ன செய்வாய் என்று எழுது.

இந்தியா வந்தால் ஆய்வு போச்சு என்று எண்ணாதே. 1965-ல் வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ என்கிற நுண்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம், கோலார் தங்கவயலில், 2.3 கி.மீ. ஆழத்தில். உனக்குத் தெரியாததா.

உன் இப்போதைய வேலை ஒப்பந்தம் பற்றி நீ சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஓசூர் அத்தையிடம் நீட்டிப்பார்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். பொங்கலுக்கும் நீ பேசவில்லை என்று அப்பாவுக்கு வருத்தம். கடிதத்துக்குச் சீக்கிரம் கேள், மறக்காதே. பேசுவதானால் இரவு 9 மணிக்கு மேல் பேசு, அங்கே உனக்கு மாலை நாலரை. அப்பா தூங்கியிருப்பார், எதுவானாலும் என்னிடம் சொல்லலாம்.

அம்மா