அண்ணாச்சியின் கணக்கும் உன் கண்சிமிட்டும் வணக்கமும்

அன்புள்ள சிவா,

நலம். உன் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதாததற்கு முழங்கால் வலியைக் காரணம் காட்டலாம்; நீ நம்பமாட்டாய் என்பதால் அதை விட்டுவிடுகிறேன். நான்கு இரவுகள் என் தூக்கத்தைக் கெடுத்தவன் நீதான் என்பது ஐந்தாம் நாள் விடியற்காலையில் தெரிய வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அரிசி ஆலை அண்ணாச்சி மாசியில் தவறியதைத் தொலைபேசியில் சொல்லியிருந்தேன். சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் மதினி என்னைக் கூப்பிட்டு, பிசானப் பருவத்துக்கு நெல் போட்டுவிட்டுப் பணத்தை ஆலையிலேயே விட்டு வைத்தவர்கள் யார் யார், அவர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று கேட்டார்கள். வரவேண்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கு முழுவதும் நாம் 1995-ல் டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழியில் எழுதிக் கொடுத்த அதே நிரலில்தான் இருந்தது. அண்ணாச்சி அதைக் கடைசி வரை மாற்றவே இல்லை என்பது எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும். அந்தப் பழைய பென்டியம் 133 கணினியைத் தட்டினால் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து தாயக்கட்டை உருட்டுவதுபோல் சத்தம் வந்தது, அவ்வளவுதான்.

நம்மைக் காப்பாற்றியது வெள்ளிக்கிழமை. சாம்பிராணி போட்டு முடித்த கையோடு ஃபிளாப்பியில் நகல் எடுக்க வேண்டும் என்று நீ விளையாட்டாகச் சொன்னதை அந்த மனிதர் முப்பது வருடம் வேதவாக்காகக் கடைப்பிடித்திருக்கிறார். பதினான்கு ஃபிளாப்பிகளில் மூன்றைப் படிக்க முடியவில்லை. மற்றவற்றில் நிரலும் கணக்கும் முழுமையாக இருந்தன, கடைசி நகல் அவர் தவறுவதற்கு ஆறு நாள் முந்தையது. இனி விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஓடும் ஒரு கணினி மட்டும் கிடைத்தால் போதும் என்று நினைத்தேன்.

விண்டோஸுக்கு உள்ளேயே, டாஸ் போல நடிக்கும் டாஸ்பாக்ஸில் ஓட்டிப் பார்க்கலாமே என்று நீ கேட்பாய். என் மருமகனும் அதையேதான் கேட்டான். மதினிக்குத் திரையில் காட்டினால் போதாது. அண்ணாச்சி காட்டியதுபோல் அந்த அகலத் தாளில், டாட் மேட்ரிக்ஸில் அடித்துக் கொடுக்க வேண்டும். நம் நிரலோ நேராக இணைப்போர்ட்டுக்குத்தான், அதாவது பழைய அச்சுப்பொறிகளைப் பொருத்தும் வாய்க்குத்தான், எழுதும். எடைமேடை அறையில் 2009-ல் வாங்கிய கணினியில் அந்தப் போர்ட் இருந்தது. ஆகவே பென்டிரைவிலிருந்து டாஸைக் கிளப்புவது என்று முடிவு செய்தேன். இதில் கொஞ்சம் பிடிவாதமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

முதலில் என் மடிக்கணினியில் சோதித்துப் பார்த்ததில் ஓர் இரவு வீண். கணினியைக் கிளப்பிவிடும் அடிப்படை நிரலுக்குப் பழைய காலத்தில் பயாஸ் என்று பெயர், இப்போது யூஇஎஃப்ஐ. புதிய யூஇஎஃப்ஐ கணினிகள் பென்டிரைவில் தங்களுக்கென்று ஒரு கோப்பைத் தேடும். டாஸிடம் அது கிடையாது. பழைய பயாஸ் முறைக்கு மாற்றிக்கொள்ளும் வசதியும் என் கணினியில் இல்லை. பட்டியலில் பென்டிரைவின் பெயர்கூடத் தெரியவில்லை.

இரண்டாம் இரவு எடைமேடைக் கணினிக்குப் போனேன். அங்கே நான் செய்த தவற்றை நம் வாத்தியார் பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பார். டாஸின் கெர்னல், கமாண்ட் கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துப் போட்டுவிட்டு, அது கிளம்பும் என்று காத்திருந்தேன். பயாஸுக்குக் கோப்பு என்றால் என்னவென்றே தெரியாது. அது வட்டின் முதல் 512 பைட்டை மட்டும் நினைவகத்தில் ஏற்றி, கடைசி இரண்டு பைட்டும் 55, ஏஏ என்று இருந்தால் அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அந்த 512 பைட்டை முறையாக எழுத வேண்டும். நகலெடுத்தால் அது வராது. பிறகு ரூஃபஸ் என்ற கருவியைக் கொண்டு, இலவச டாஸான ஃப்ரீடாஸை எழுதினேன். மைக்ரோசாஃப்ட் டாஸுக்கு மூடுவிழா நடத்தப்போகிறது என்று கேள்விப்பட்ட ஜிம் ஹால் என்ற கல்லூரி மாணவர் 1994 ஜூன் 29 அன்று அறிவித்துத் தொடங்கிய திட்டம் அது. நாம் ஒரே நாற்காலியில் இரண்டு பேராக உட்கார்ந்து பாஸ்கல் படித்துக்கொண்டிருந்த அதே வருடம்.

அப்படியும் திரையின் மூலையில் ஒரு கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. மூன்றாம் இரவு முழுவதும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய டாஸுக்குச் சின்னப் பென்டிரைவ்தான் ஒத்துப்போகும் என்று நானாக ஒரு கணக்குப் போட்டு, மேசை இழுப்பறையில் கிடந்த 256 எம்பி பென்டிரைவை எடுத்திருந்தேன், வினையே அதில்தான். அந்த பயாஸில் யூஎஸ்பி பாவனை வகை என்று ஓர் அமைப்பு உண்டு. அது தானியங்கியில் இருந்தால், 530 எம்பிக்குக் குறைந்த எதையும் ஃபிளாப்பி என்றே எடுத்துக்கொள்ளும். நான் ஹார்ட் டிஸ்க் போலப் பிரிவு போட்டு எழுதி வைத்திருக்க, பயாஸ் அதை ஃபிளாப்பியாக நினைத்துப் படிக்க, இரண்டு பேரும் வேறு வேறு முகவரியில் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். அமைப்பை ஹார்ட் டிஸ்க் என்று மாற்றி, பூட் வரிசையிலும் பென்டிரைவை முதலில் ஏற்றிய அடுத்த நிமிடம், கட்டளைக்குக் காத்திருக்கும் டாஸின் சி-கோலன் வந்து நின்றது. சிவா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பென்டிரைவே சி டிரைவாகிவிட்டதால், கோப்புப் பாதையைக் கூடாது கூடாது என்று நான் சொல்லச் சொல்ல நீ நிரலுக்குள்ளேயே சி என்று எழுதி வைத்ததும் தற்செயலாகப் பொருந்திப்போனது. கணினியில் இருந்த எடைமேடைக் கணக்கு விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பிரிவில் இருந்ததால் டாஸின் கண்ணுக்கே படவில்லை. ஆகவே அதைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயமும் இல்லை.

நிரலை ஓட்டினேன். ரன்டைம் எர்ரர் 200 என்று ஒற்றை வரி வந்தது. பூச்சியத்தால் வகுத்தலாம்!

ஃபிளாப்பி கெட்டுவிட்டது, கணக்கு போயிற்று, மதினியிடம் என்ன சொல்வது என்று விடியும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். உண்மையில் கணக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. முதல் திரையில் வணக்கம் என்பது வண்ணத்தில் கண்சிமிட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாயே, அதற்காகச் சேர்த்த, திரையைக் கையாளும் சிஆர்டி யூனிட்தான் காரணம். அது நிரல் தொடங்கியதும், கடிகாரத்தின் ஒரு துடிப்பான 55 மில்லி விநாடிக்குள் எத்தனை முறை சுற்ற முடிகிறது என்று எண்ணி, அந்த எண்ணிக்கையை 55-ஆல் வகுத்து, விடையை 16 பிட்டுக்குள் வைத்துக்கொள்ளும். சுற்று ஏறக்குறைய 36 லட்சத்தைத் தாண்டினால் விடை அந்த இடத்துக்குள் அடங்காது. வழிந்தாலும் பூச்சியத்தால் வகுத்தாலும் செயலிக்கு ஒரே முறையீடுதான். பழைய பென்டியம் 133 மெதுவாக ஓடியதால்தான் முப்பது வருடம் இது வெளியே தெரியவில்லை. இதற்கென்றே அந்தக் காலத்தில் எழுதிய ஒட்டுநிரல் ஒன்றைத் தேடிப்பிடித்து ஓட்டினேன். இரண்டு விநாடியில் சரியாயிற்று. உன் வணக்கம் பச்சையில் கண்சிமிட்டியது. அதைத் திட்டுவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நாற்பத்தொரு பேருக்குக் கொடுக்க வேண்டியிருந்தது. அச்சடித்த தாளை மதினி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராக வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். சிலரைப் பற்றி, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகனிடம் கொடு என்றார்கள்.

வரவேண்டியவர் பட்டியலையும் அடித்தேன். ஏழாம் எண்ணில் நம் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அறையில் சமைக்கிறோம் என்று சொல்லி 1996-ல் வாங்கிய அம்பை 16 அரிசி, இரண்டு மூட்டை, 1,260 ரூபாய். நிரலுக்குக் கூலி வாங்க மாட்டோம் என்று நாம் வீறாப்புப் பேசியபோது, இது கணக்கில் சேராது என்று அவர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். அதை அழிக்கவும் இல்லை, ஒரு நாளும் நம்மிடம் கேட்கவும் இல்லை; ஒவ்வொரு மார்ச் 31 அன்றும் அடுத்த வருடத்துக்கு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். மதினியிடம் காட்டியதற்குச் சிரித்துவிட்டு, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

மூல நிரல் ஃபிளாப்பி உன் தகரப்பெட்டியில் இருந்தால் தேடி எடுத்து வை. ஒட்டுப்போட்ட நிரலை நம்பி இன்னொரு பிசானத்தைத் தாண்ட எனக்குத் துணிவில்லை. உன் பாதி 630 ரூபாயைத் தபாலில் அனுப்பிவிடாதே. நேரில் வந்து, ஏழாம் எண்ணில் நீயே வரவு வை.

உன்,
பாலு