கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வயிறு உப்புசமாக இருந்தால் கோதுமையை ஒரு மாதம் நிறுத்திப் பாருங்கள் என்று உங்கள் நலவாழ்வுப் பக்கத்தில் படித்தேன். தயவுசெய்து அப்படிப் போடாதீர்கள்.

என் மகளுக்குப் பதினோரு வயதில் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியது. இரண்டு வருஷம் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தும் ஏறவில்லை, வளர்த்தியும் இல்லை, பள்ளிப் பிரார்த்தனை வரிசையில் எப்போதும் அவள்தான் முதல் ஆள். யாரோ சொன்னார்கள் என்று சப்பாத்தி, ரவை உப்புமா, பரோட்டா எல்லாவற்றையும் நிறுத்தினோம். கொஞ்சம் தெளிந்தாள். ஏழெட்டு மாதம் கழித்து, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கு ரத்தப் பரிசோதனை எடுத்தால் எல்லாம் நார்மல்!

அப்புறம் பார்த்த டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்: "டெஸ்ட் எடுத்தப்ப கோதுமை சாப்பிட்டுக்கிட்டு இருந்தாளா?" டிடிஜி என்கிற அந்தப் பரிசோதனை, குளூட்டனால் உடம்பில் உருவாகும் எதிர்ப்பொருளைத்தான் அளக்கிறது. சாப்பிடுவதை நிறுத்தினால் அது இறங்கிவிடும், குடலும் ஆற ஆரம்பித்துவிடும், நோய் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் மறுபடி எட்டு வாரம் தினமும் இரண்டு வேளை சப்பாத்தி. வயிற்றைப் பிடித்துக்கொண்டே அவள் சாப்பிட்டதை நினைத்தால் இப்போதும் மனசு தாங்கவில்லை.

இந்த முறை டிடிஜி உயர்ந்திருந்தது. கூடவே மொத்த ஐஜிஏ அளவும் பார்த்தார்கள், ஏனென்றால் டிடிஜி பரிசோதனை தேடுவது ஐஜிஏ என்ற வகை எதிர்ப்பொருளைத்தான், அது பிறவியிலேயே குறைவாக இருப்பவர்களுக்கு நோய் இருந்தாலும் டிடிஜி நார்மல் என்றே காட்டலாம். பிறகு எண்டோஸ்கோபி செய்து சிறுகுடலின் தொடக்கத்தில் ஐந்தாறு இடங்களில் துளித்துளியாகச் சதை எடுத்தார்கள், பாதிப்பு திட்டுத்திட்டாக இருக்குமாம், ஒரே இடத்தில் எடுத்தால் தவறிவிடலாம். உணவுச் சத்தை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகிக் கிடந்தன.

மரபணுப் பரிசோதனையும் இருக்கிறது. அதில் டிக்யூ2, டிக்யூ8 என்கிற மரபணு வகைகள் இரண்டுமே இல்லையென்றால் இந்த நோய் அநேகமாக இல்லை எனலாம், இருப்பதாலேயே நோய் என்று ஆகாது.

2016-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வட இந்தியாவில் நூற்றில் ஒருவருக்கும், தெற்கே சுமார் பத்தாயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோய் இருந்தது. இங்கே குறைவுதான், அதனாலேயே யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. அடுத்த முறை இந்த யோசனையைப் போடும்போது, "பரிசோதனைகள் எல்லாம் முடிந்த பிறகு நிறுத்துங்கள்" என்று ஒரு வரி சேருங்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய், மதுரை