ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய் போட்டு உழியாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ரத்த உறைவு பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான். ஆனால் முழுக்க மாரடைப்பு, பக்கவாதம், கொழுப்பு, பொரித்த மீன் என்றே போய் முடிந்துவிட்டது. காலில் இருக்கிற சிரைக்குள், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய்க்குள், ரத்தம் உறைவது, அது கிளம்பிப் போய் நுரையீரலை அடைப்பது, இதற்குக் கட்டுரையில் கிடைத்தது ஒரே வரி. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த ஒரு வரியைத்தான் நாலு பத்தியாக எழுதியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

நான் தக்கலைப் பக்கம் மருந்துக்கடை நடத்துகிறேன். பைக்கில் விழுந்து கால் முறிந்து மாவுக்கட்டு போட்டு, கட்டைப் பிரித்த பிறகு கால் வீங்கி வருகிறவர்கள் எங்களுக்கு வழக்கமான ஆட்கள், நம்ம ஊர் ரோட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலி மாத்திரையும் க்ரேப் பேண்டேஜும் கேட்பார்கள். டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டால், "இல்ல, ரத்தம் கட்டியிருக்கு, ஆசான்கிட்ட போயி ரெண்டு தடவை உழிஞ்சா சரியாவும்" என்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்கும்.

எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவிவிடும் (அதைத்தான் நாங்கள் உழிவது என்போம்) வர்ம வைத்தியர்களான ஆசான்களைப் பழிக்க நான் வரவில்லை. சுளுக்கு, தசைப்பிடிப்பு, முதுகுப் பிடிப்பு என்றால் எங்கள் வீட்டிலும் வைத்தியசாலைக்குத்தான் போவோம், அந்தக் கைப்பக்குவம் வேறு யாருக்கும் வராது. விவரமான ஆசான் வீங்கின காலைத் தொட்டுப் பார்த்து, சூடு தெரிந்தால் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். ஆனால் எல்லாரும் அப்படி இல்லை. அதைவிட, வீட்டிலேயே பிண்டத் தைலமோ தேங்காயெண்ணெயோ காய்ச்சி அம்மாவோ மனைவியோ பாசத்தோடு அழுத்தி அழுத்தி உழிகிறார்களே, அதுதான் ரொம்ப அதிகம்.

டெல்லியில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், 2017இல் பத்திரிகைகளில் வந்தது. விளையாடும்போது கணுக்காலில் அடிபட்டு மாவுக்கட்டு போட்டிருந்த ஓர் இளைஞர். கட்டைப் பிரித்த பின்னும் வலியும் வீக்கமும் இருந்ததால் தாய் எண்ணெய் தேய்த்து உழிந்திருக்கிறார். காலில் இருந்த ரத்தக்கட்டி பெயர்ந்து நுரையீரலின் ரத்தக்குழாயை அடைத்தது. பையன் பிழைக்கவில்லை. எய்ம்ஸ் மருத்துவர்கள் இதை ஒரு சட்ட மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது ஒன்றும் புது விஷயமில்லை. நுரையீரலில் காணப்படும் ரத்தக்கட்டிகள் பெரும்பாலும் கால் சிரைகளிலிருந்து கிளம்பி வந்தவை என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ஷோ 1846லேயே காட்டிவிட்டார். ரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் அடிபடுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது, இந்த மூன்றும்தான் அடிப்படைக் காரணங்கள் என்று இன்றைக்கும் மருத்துவ மாணவர்களுக்கு அவர் பெயரில்தான் பாடம் நடக்கிறது. அவர் பிறந்த அக்டோபர் 13ஐத்தான் உலக ரத்த உறைவு தினமாகவும் வைத்திருக்கிறார்கள். காலிலிருந்து ரத்தம் மேலே ஏற வேண்டுமென்றால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து தள்ள வேண்டும். மாவுக்கட்டுக்குள் அசையாமல் கிடக்கிற காலில் அந்தத் தள்ளல் இல்லை, தண்ணீர் விடாத சானலில் பாசி பிடிப்பது மாதிரி ரத்தம் தேங்கி உறைகிறது. முறிவினால் குழாய் அடிபட்டிருக்கும், காயத்தை ஆற்ற உடம்பும் ரத்தத்தை உறையும் பக்கத்துக்குத் தயார்படுத்தியிருக்கும். விர்ஷோ பெயரில் சொல்லப்படும் மூன்றும் ஒரே காலில். அந்தக் காலைப் போய் அழுத்தி மேல்நோக்கி உழிந்தால் என்ன ஆகும்?

எப்படித்தான் கண்டுபிடிப்பது என்றால், ஒரு கால் மட்டும் வீங்குவதுதான் பெரிய அடையாளம். இரண்டு காலும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் இதயம், சிறுநீரகம், ஈரல், இல்லை நாள் முழுக்க நின்ற அலுப்பு. ஒரே கால், கெண்டையில் வலி, தொட்டால் சூடு, தோல் சிவப்பு அல்லது கருத்த நிறம் என்றால் டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் இந்த வசதி உண்டு, ஊசிகூடக் கிடையாது. ஸ்கேன் கருவியால் லேசாக அழுத்திப் பார்ப்பார்கள், நல்ல சிரை அமுங்கி மூடிக்கொள்ளும், உள்ளே கட்டி இருந்தால் அமுங்காது, அவ்வளவுதான் சோதனை. கொரோனா காலத்தில் ஆட்டோ ஸ்டாண்டில்கூட டி-டைமர் பற்றிப் பேசினார்களே, அந்த ரத்தப் பரிசோதனையும் இதற்குத்தான். ஆனால் அது அதிகமாக இருந்தால் மட்டும் உறைவு என்று சொல்ல முடியாது, காய்ச்சல், அறுவை சிகிச்சை, கர்ப்பம் எல்லாவற்றிலும் கூடும். சந்தேகம் குறைவாக இருக்கிற ஆளுக்கு டி-டைமர் சரியாக இருந்தால் உறைவு இல்லை என்று தள்ளிவிட உதவும்.

கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டால் திடீரென்று மூச்சு முட்டும், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தும், சிலருக்கு இருமலில் ரத்தம் வரும், சிலர் மயங்கி விழுவார்கள். இதை வாயு என்று சொல்லி இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிட வேண்டும்.

இன்னும் சிலரைச் சொல்ல வேண்டும். முதலாவது, பிரசவித்த பெண்கள். கர்ப்ப காலத்தில் ரத்தம் உறையும் அபாயம் மற்றப் பெண்களைவிட நாலைந்து மடங்கு, பிரசவத்துக்குப் பிந்திய ஆறு வாரத்தில் அது இன்னும் கூடுதல், ஆபரேஷன் செய்து குழந்தை எடுத்திருந்தால் மேலும் கூடும். நாம் என்ன செய்கிறோம்? பச்சை உடம்பு என்று சொல்லிக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை, தண்ணீர் குடித்தால் வயிறு தள்ளும் என்று சொல்லித் தம்ளரைப் பிடுங்குகிறோம். உடம்பில் நீர் வற்றினால் ரத்தம் கெட்டியாகும். காலில் மட்டுமல்ல, மூளையின் சிரைகளிலும் உறைவு வரும். பிரசவம் முடிந்த சில நாளில் தலைவலி தாங்க முடியாமல், வலிப்பும் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படுகிற பெண்களில் சிலருக்கு இதுதான் காரணம். பத்தியச் சோறு, பிரசவ மருந்து, பூண்டு எல்லாம் இருக்கட்டும், நான் அதில் தலையிடவில்லை. தண்ணீரைக் கொடுங்கள், எழுந்து நடக்க விடுங்கள்.

அப்புறம் மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரை. மண்டைக்காடு மாசிக் கொடை சமயத்திலும் கல்யாண சீசனிலும் இது எவ்வளவு போகும் என்று எந்தக் கடைக்காரரைக் கேட்டாலும் சொல்வார். நாரெத்திஸ்டெரோன் என்ற இந்த மருந்தில் ஒரு சிறு பகுதி உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது, ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறைவதைத் தூண்டும். பெரும்பாலான பெண்களுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் முன்பு உறைவு வந்தவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வந்திருப்பவர்கள், சமீபத்தில் பிரசவமோ ஆபரேஷனோ ஆனவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடவே கூடாது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து இது, என் சக கடைக்காரர்கள் என்னைத் திட்டினாலும் பரவாயில்லை.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுக்கும், சென்னைக்கு இரவெல்லாம் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நாலு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணம் இந்த அபாயத்தைச் சுமார் இரண்டு மடங்காக்குகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. பயப்பட வேண்டாம், அப்படியும் ஆறாயிரத்தில் ஒருவர் என்ற அளவுதான். இடையில் எழுந்து நடங்கள், கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுங்கள். அண்டியாபீஸில் (முந்திரி ஆலையில்) உட்கார்ந்தே வேலை பார்க்கும் பெண்களுக்கும் இதையே சொல்வேன்.

சிகிச்சை பற்றி. 1960இல் பாரிட், ஜோர்டன் என்ற இரண்டு மருத்துவர்கள் பிரிட்டனில் நுரையீரல் அடைப்பு வந்தவர்களை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து கொடுக்காத 19 பேரில் 5 பேர் அந்த அடைப்பாலேயே இறந்தார்கள், மருந்து கொடுத்த 16 பேரில் அப்படி ஒருவரும் இறக்கவில்லை. கொடுத்தது ஹெப்பாரின் ஊசியும் நிக்குமலோன் மாத்திரையும். அந்த நிக்குமலோன்தான் இன்றைக்கு அசெனோகூமரால் என்ற பெயரில் என் கடை அலமாரியில் இருக்கிறது. இந்த மாத்திரைகள் கட்டியைக் கரைப்பதில்லை, மேலும் வளராமல் தடுக்கின்றன, கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். அதனால்தான் குறைந்தது மூன்று மாதம் சாப்பிடச் சொல்கிறார்கள். வீக்கம் வடிந்தது என்று ஒரு மாதத்தில் நிறுத்துகிறவர்கள்தான் எனக்குத் தலைவலி. காரணமே தெரியாமல் உறைவு வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்கு, முழுச் சிகிச்சை முடித்து மருந்தை நிறுத்திய முதல் வருடத்திலேயே மறுபடி வருகிறது, அவர்களுக்கு நீண்ட நாள் கொடுப்பதா என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம் சரியாகச் சிகிச்சை பெற்றாலும் பலருக்குக் கால் கனப்பதும் வீங்குவதும் தோல் கருப்பதும், சிலருக்குப் புண்ணும், வருடக்கணக்கில் தொடரும்.

இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக்கை வாங்கிப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்குள் ரத்தம் கசியலாம். தயவுசெய்து கடையில் சொல்லிவிட்டு மருந்து கேளுங்கள். அசெனோகூமரால், அதே வகையான வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைக்கும் என்பதற்காக முருங்கைக்கீரையை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை. ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமில்லை என்று மாற்றாமல் ஒரே அளவில் சாப்பிட்டால் போதும், ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஐஎன்ஆர் பரிசோதனையையும் விடக் கூடாது.

ஐஎன்ஆர் என்றதும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியில் இதய வால்வு மாற்றிக்கொண்ட நம்மூர்க்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். 1990இல் சித்ரா வால்வை அங்கே முதன்முதலில் பொருத்தியதிலிருந்து குமரியில் அந்த வால்வோடு வாழ்கிறவர்கள் நிறைய. "புது மாத்திரைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டாமாமே, மாத்திக் குடுங்க" என்று கேட்கிறார்கள். அந்தப் புது மாத்திரைகளான அபிக்சபான், ரிவரோக்சபான் கால் உறைவுக்கு நல்ல மருந்துதான், ஆனால் உலோக வால்வு உள்ளவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. சிறுவயது மூட்டுக்காய்ச்சலால் வால்வு சுருங்கித் துடிப்பு சீர்கெட்டவர்களிடம் ரிவரோக்சபானையும் பழைய மாத்திரையையும் ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வந்தது, அதிலும் பழையதுதான் உயிரைக் கூடுதலாகக் காத்தது.

இரண்டு கோரிக்கைகள். மாவுக்கட்டைப் பிரிக்கும்போதும் பிரசவம் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போதும் நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிகள், ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி முதல் சின்ன நர்சிங் ஹோம் வரை, ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதிக் கொடுக்கட்டும்: ஒரு கால் வீங்கினால் உழியாதே, உடனே வா. இரண்டாவது உங்களுக்கு. அடுத்த மருத்துவப் பக்கத்தில் இதை ஒரு பெட்டிச் செய்தியாகப் பெரிய எழுத்தில் போடுங்கள், நான் வெட்டிக் கடை கவுண்டரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
தக்கலை, குமரி மாவட்டம்.