வேர்க்கடலைக் கூட்டம்

ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கவிஞர் சில்வியா பிளாத் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரையைப் படித்தேன். 'சாவது ஒரு கலை' என்ற அவருடைய வரியைத் தலைப்பாக்கி, மரணத்தையே கவிதையின் உச்சமாக்கிவிட்டார் கட்டுரையாளர். அந்த வரி வரும் 'லேடி லாசரஸ்' கவிதையை முழுதாகப் படித்திருந்தால் கை கூசியிருக்கும். சாவிலிருந்து மீளும் பெண்ணை வேர்க்கடலை கொறித்தபடி ஒரு கூட்டம் வேடிக்கை பார்க்கிறது; தழும்பைப் பார்க்கவும் கட்டணம் உண்டு என்று அவள் எள்ளுகிறாள். டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பது நாம்தான்! கவிதையும் சாவில் முடியவில்லை. சாம்பலிலிருந்து அவள் எழுகிறாள்.

இன்னொன்று. 'ஏரியல்' தொகுப்புக்குப் பிளாத் வைத்திருந்த வரிசை 'அன்பு' என்ற சொல்லில் தொடங்கி 'வசந்தம்' என்ற சொல்லில் முடிந்தது. கடைசிக் கவிதையில் தேனீக்கள் குளிர்காலத்தைத் தாண்டிப் பறக்கின்றன. 1963 பிப்ரவரியில் அவர் இறந்த பிறகு, கணவர் டெட் ஹியூஸ் சில கவிதைகளை நீக்கி, இறுதி வாரங்களில் எழுதியவற்றைச் சேர்த்து 1965இல் வெளியிட்டார். நாம் வெகுகாலம் படித்தது அந்த இருண்ட வரிசையைத்தான். மூல வரிசை 2004இல்தான் அச்சேறியது.

பிளாத் கடும் மனச்சோர்வுக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். கட்டுரையில் அதற்கு ஒரு வரி, இறந்த விதத்துக்கு இரண்டு பத்தி. என்னிடம் பிளாத் படித்த மாணவர்களுக்கு இருபது வயதுகூட இருக்காது. தற்கொலைச் செய்திகளின் கீழே உதவி எண்ணை அச்சிடுகிறீர்களே, இலக்கியம் என்றதும் ஏன் விட்டுவிட்டீர்கள்?

ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
மதுரை