மருமகனுக்கு: கொரோலாவின் எஞ்சினை இறக்குவதற்கு முன்

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய டொயோட்டா கொரோலா 110 கார் ஒன்றை வாங்கிவிட்டாய், சரி. இப்போது தெஹிவளை வீட்டுப் போர்ட்டிக்கோவிலேயே எஞ்சினை இறக்கிப் பிரித்துப் பூட்டப் போகிறாயாம். "அண்ணா, உங்கட மருமகனுக்கு நீங்களாவது சொல்லுங்கோ" என்று உன் அம்மா போன் எடுத்தாள். நான் சொல்லப்போவது அவளுக்குப் பிடிக்காது. செய். இதை நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம், இதே யோசனையோடு வேறு சிலரும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான்.

கராஜ் பாஸுக்கு அனுபவமும் கைவேகமும் உன்னைவிடக் கூட. அவரிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது: நேரம். அவருடைய வாசலில் இன்னும் மூன்று வாகனங்கள் நிற்கும். பெயாரிங் இடைவெளியை அளந்துகொண்டிருக்க அவருக்குக் கட்டாது. சனி ஞாயிறு முழுக்க ஒரு பிஸ்டனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் உன்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை. வீட்டில் செய்வதன் லாபம் அதுதான். காசு மிச்சம் என்று நினைத்துத் தொடங்கினால் கருவிகள் வாங்குவதிலேயே அந்த மிச்சம் போய்விடும்.

பழைய எஞ்சினைத் திருத்துவதே மடைமை என்று சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அந்த இடைவெளியில் பழைய கார்களின் விலை எங்கே போனது என்று கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடலாம்தான். ஆனால் அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று விற்கிறவனுக்கும் தெரியாது. அத்தோடு எஞ்சின் நம்பர் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தைத் திருத்தவேண்டும், அதைச் செய்யாவிட்டால் நாளைக்கு விற்கும்போது வாங்குகிறவன் நம்பரைப் பார்த்துவிட்டுப் பின்வாங்குவான். உன் எஞ்சின் புளொக்கையே திருத்தினால் இந்தத் தொல்லை ஒன்றும் இல்லை.

முதலில், எஞ்சினைத் திறக்கவேண்டுமா என்று பார். நீ சொன்னதெல்லாம் "நீலப் புகை வருது, ஒயில் குறையுது" என்பதுதான். அதை வைத்து எஞ்சினைப் பிரிக்க முடியாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு வீச்சு நீலப் புகை வந்து பிறகு நின்றுவிடுகிறதா? அது பெரும்பாலும் வால்வு சீல். எஞ்சினை இறக்காமலே மாற்றலாம். பிஸ்டன் கீழே இருக்கும்போது பிளக் துளைக்குள் சுத்தமான நைலோன் கயிறு கொஞ்சத்தை விட்டு, கிராங்கைக் கையால் திருப்பிப் பிஸ்டனை மேலே கொண்டுவந்தால், கயிறு வால்வுகளைக் கீழிருந்து தாங்கிக்கொள்ளும். வால்வு உள்ளே விழாது, நீ நிதானமாக ஸ்பிரிங்கைக் கழற்றலாம். கயிற்றின் ஒரு முனை எப்போதும் வெளியே இருக்கட்டும். பாரம் இழுக்கும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் பக்கம் பார்க்கலாம். வெள்ளைப் புகையோடு தண்ணீரும் குறைந்தால், சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கெஸ்கட்.

இதற்கெல்லாம் முன்பு, கிராங்க் கேஸின் ஆவியை வெளியே விடும் பிசிவி வால்வைக் கழற்றிக் காதருகே வைத்து ஆட்டு. கலகலவென்று சத்தம் வரவேண்டும். அடைத்துப்போனால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி, நல்ல எஞ்சினும் ஒயில் குடிக்கும். சின்னச் சாமான். இதை மாற்றிப் பார்க்காமல் எஞ்சினை இறக்கியவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர்.

அடுத்தது சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கொம்ப்ரஷன் டெஸ்ட். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் வெளியே, பெற்றோலும் ஸ்பார்க்கும் நிறுத்தி, அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி, முள் ஏறாமல் நிற்கும்வரை சுற்றவேண்டும். இந்த வகை டொயோட்டா எஞ்சின் நல்ல நிலையில் 190 பிஎஸ்ஐ அளவில் நிற்கும், 140க்குக் கீழே போனால் வேலை இருக்கிறது. மொத்த எண்ணைவிட, சிலிண்டருக்குச் சிலிண்டர் உள்ள வித்தியாசத்தைக் கவனி. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு மறுபடி அள. எண் ஏறினால் ரிங் அல்லது போர் (சிலிண்டரின் உட்துளை), ஏறாவிட்டால் வால்வு அல்லது கெஸ்கட். 2022இல் பெற்றோல் வரிசைக் காலத்தில் மாதக்கணக்காக ஓடாமல் நின்ற கார்களில் ரிங் இறுகிப்போய்க் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். உன் காரின் பழைய சொந்தக்காரரிடம் அதையும் கேள். மீற்றர் காட்டும் கிலோமீற்றரை நம்பாதே. கிளச் பெடலின் ரப்பர் தேய்ந்திருப்பதைப் பார், அது பொய் சொல்லாது.

டெஸ்ட்டில் ரிங் என்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எஞ்சினும் கியர் பொக்ஸும் சேர்ந்தால் நூறு கிலோவுக்கு மேல். போர்ட்டிக்கோ பீமில் செயின் புளொக்கைத் தொங்கவிடாதே. அது எஞ்சின் தூக்கக் கட்டிய பீம் இல்லை. வாடகைக்கு கிரேன் எடு. பெட்டறியைக் கழற்று, பெற்றோல் லைனின் அழுத்தத்தை இறக்கு. பக்கத்தில் ஒருவரும் சிகரெட் பற்றவைக்கக் கூடாது, உன் சித்தப்பா உட்பட.

கழற்றுவது சுலபம். கழற்றியது எங்கிருந்து வந்தது என்று வைத்திருப்பதுதான் பாடு. ஒவ்வொரு போல்ட் கூட்டத்தையும் தனித்தனி ஐஸ்கிரீம் கப்பில் போட்டு எழுதி வை, போனில் படம் எடு. பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ரொட்டும் அதன் கெப்பும் ஒன்றாகப் பூட்டித் துளை போட்டவை. ஒன்றின் கெப் இன்னொன்றுக்குப் பொருந்துவதுபோலத் தெரியும், பொருந்தாது. வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சின்னத் தகடுகளான ஷிம்களும் வந்த இடத்துக்கே போகவேண்டும். வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேம்ஷாஃப்டையும் இணைக்கிற பல்சக்கரத்தில் ஸ்பிரிங் வைத்த துணைச்சக்கரம் ஒன்று உண்டு. கழற்றுவதற்கு முன் அதை 6 மி.மீ. போல்ட்டால் பிணைத்துவிடு, இல்லையென்றால் பூட்டும்போது பல் ஒத்துவராமல் மண்டையை உடைத்துக்கொள்வாய். கேம் கெப்களைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சமமாகத் தளர்த்து. ஒரு பக்கத்தை முழுக்கத் தளர்த்தினால் வார்ப்பிரும்புக் கேம்ஷாஃப்ட் முறியலாம்.

ஹெட்டைத் தூக்கியதும் சிலிண்டரின் மேல் விளிம்பில் நகத்தை வைத்துக் கீழே இழு. ரிங் எட்டாத ஒடுங்கிய பட்டைக்குக் கீழே நகம் ஒரு படியில் தட்டும். மேல் ரிங் நின்று திரும்பும் இடம் அதுதான். சூடும் அழுத்தமும் கூட, ஒயில் குறைவு, அதனால் தேய்மானம் அங்கேதான் அதிகம். நகம் நன்றாகச் சிக்கினால் வெறும் ரிங் மாற்றிப் பிரயோசனமில்லை. போர் கேஜால் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்திலும், ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு திசையிலும் அளந்து ஒரு கொப்பியில் எழுது. உன் எஞ்சின் 1498 சீசீ 5ஏ என்றால் புது போரின் விட்டம் 78.7 மி.மீ. அதிலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது, எவ்வளவு கோணியிருக்கிறது என்று அந்தக் கொப்பியே சொல்லும்.

வெட்டுகிற வேலை எல்லாம் லேத் பட்டறைக்குப் போகட்டும். ட்ரில்லில் ஹோன் என்கிற தேய்கல்லைப் பூட்டி வீட்டில் போரைத் திருத்தலாம் என்று காட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பாய். கோணிப்போன சிலிண்டரில் அது கோணலைப் பளபளப்பாக்கும், அவ்வளவுதான். இங்கே ஒழுங்கு முக்கியம்: முதலில் ஓவர்சைஸ் (அளவில் சற்றுப் பெரிய) பிஸ்டனை வாங்கு, அப்புறம் புளொக்கையும் பிஸ்டனையும் சேர்த்து லேத் பாஸிடம் கொடு. பிஸ்டனை அளந்து அதற்கு ஏற்றபடிதான் போர் வெட்டவேண்டும். "0.50 வெட்டி வைக்கிறன், நீங்கள் சாமானை வாங்கிக்கொண்டு வாங்கோ" என்று சொல்கிற இடத்திலிருந்து புளொக்கைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. ஹெட்டை நேர்ச்சட்டம் வைத்துப் பார்த்து, 0.05 மி.மீ. பீலர் தகடு எங்கேயாவது உள்ளே போனால் மட்டும் வெட்டச் சொல். கேளாமலே வெட்டிவிடுவார்கள், வெட்டிய அலுமினியம் திரும்பி வராது.

பஞ்சிகாவத்தையில் ரிங்கும் பெயாரிங்கும் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ. பெட்டியைப் பார்த்து வாங்காதே, பெட்டி அச்சடிப்பது ரிங் செய்வதைவிடச் சுலபம். ரிங்கை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பையும் மேல்பக்கக் குறியையும் பார். திருப்பி எடுக்கமாட்டேன் என்கிற கடையில் பேரம் பேசி நேரத்தை வீணாக்காதே, அடுத்த கடைக்கு நட.

லேத்திலிருந்து வந்த புளொக் சுத்தமாகத் தெரியும். அதில்தான் ஆபத்து. ஹோன் கல்லின் பொடி போரின் குறுக்குக் கோடுகளுக்குள் இருக்கும், மண்ணெண்ணெயால் கழுவினால் போகாது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் பிரஷும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய். ஒயில் போகும் துளைகளுக்குள் நீட்டுப் பிரஷ் விடு. காய்ந்த உடனே ஒயில் பூசு. "உடனே" என்று சொல்வது சும்மா இல்லை. நீ இருப்பது கடற்கரையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. தேத்தண்ணி குடித்துவிட்டு வருவதற்குள் போரில் செம்மஞ்சள் படிந்துவிடும். ஒயில் பூசிப் பெரிய பொலித்தீன் பையால் மூடிக் கட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போ.

வால்வு உட்காரும் இடத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். ஹெட்டைக் கவிழ்த்து, பிளக்கைப் பூட்டி, எரியறைக்குள் மண்ணெண்ணெய் ஊற்றி வை. போர்ட் வழியாகக் கசிந்தால் வால்வை அதன் இருக்கையில் மறுபடி தேய்த்து லேப் பண்ணவேண்டும்.

பூட்டும்போது ரிங்கை முதலில் பிஸ்டன் இல்லாமல் போருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்டனால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியை அள. மேல் ரிங்குக்குப் பொதுக் கணக்கு, விட்டத்தின் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் நாலு பங்கு. உன் போருக்குக் கிட்டத்தட்ட 0.3 மி.மீ. ரிங்கோடு வரும் தாளில் வேறு அளவு இருந்தால் அதைப் பின்பற்று. இடைவெளி போதாமல் இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் முட்டி, போரைக் கீறும். பெயாரிங்குக்கு பிளாஸ்டிகேஜ் வை: மெழுகுபோல மெதுவான பிளாஸ்டிக் நூல், கெப்பை இறுக்கினால் நசுங்கும், நசுங்கிய அகலத்தைத் தாளோடு ஒப்பிட்டால் இடைவெளி தெரியும். அளந்தபின் அதைச் சுத்தமாகத் துடைத்து ஒயில் போட்டுப் பூட்டு. ஒவ்வொரு கெப் இறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்று. எந்தக் கெப்பில் இறுகுகிறதோ அங்கேயே நிறுத்து. ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக இறுக்கவேண்டும். எவ்வளவு டோர்க் (இறுக்க அளவு) என்று என்னைக் கேட்காதே, உன் எஞ்சினின் மனுவலைப் பார். ஒரே பெயருள்ள எஞ்சினிலேயே வருடத்துக்கு வருடம் அது மாறும்.

இன்னொன்று. "இந்த வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு" என்று அதைக் கழற்றி எறிவது இந்த ஊர் கராஜ்களில் ஒரு மதம்போல ஆகிவிட்டது. அது இல்லாமல் எஞ்சின் சரியான சூட்டுக்கு வராது, கம்பியூட்டர் இன்னும் குளிர் என்று நினைத்துக் கூடுதல் பெற்றோல் விடும், அது போர்ச் சுவரின் ஒயிலைக் கழுவும், புது ரிங் தேயும். எமிஷன் டெஸ்ட்டிலும் எண்கள் ஏறும். 82 பாகையில் திறக்கிறதைப் போடு. அதைப்போலவே ரேடியேட்டருக்குள் குழாய்த் தண்ணீர் விடாதே, கூலன்ட் விடு. அலுமினிய ஹெட்டின் தண்ணீர்த் துளைகள் அரித்துப்போய்க் கிடப்பதை இப்போது நீயே பார்ப்பாய். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிராங்கின் பின் சீல் மூன்றையும் யோசிக்காமல் மாற்று, மறுபடி யார் இறக்குவது?

ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன் பிளக் இல்லாமல் சுற்றி ஒயில் விளக்கை அணையவை. ஸ்டார்ட் ஆனதும் வாசலில் நிறுத்தி உறுமவிட்டு அயலாருக்குக் காட்டாதே. ஐடிலில் ரிங் இருக்கை பிடிக்காது, பாரம் வேண்டும். கசிவு ஒன்றும் இல்லையென்றால் ரோட்டுக்கு எடு. காலி வீதி நெரிசல் அதற்குச் சரிவராது. ஞாயிறு விடிய மரைன் டிரைவ்வில், மிதமாக வேகமெடுத்து, காலை எடுத்துத் தானாகக் குறையவிட்டு, மறுபடி எடு. சாதாரண மினரல் ஒயில் போதும், சிந்தெட்டிக் பிறகு பார்க்கலாம். முதல் ஒயிலை நூறு கிலோமீற்றருக்குள்ளேயே மாற்றி, பில்டரை வெட்டிப் பார். கொஞ்சம் மினுமினுப்பு வரும், பயப்படாதே. நகத்தில் தட்டுப்படும் துண்டு வந்தால் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு. பழைய ஒயிலை வாய்க்காலில் ஊற்றாதே, சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்தால் எடுப்பார்கள்.

தொடங்குவதானால் தை பிறந்த கையோடு தொடங்கு. சித்திரை வருடப் பிறப்புக்குக் கடையும் லேத்தும் மூடினால் எப்போது திறப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது, மே மாதத்தில் மழை பிடித்துவிடும், உன் போர்ட்டிக்கோவுக்கு ஒரு பக்கம் சுவர் இல்லை. டோர்க் ரெஞ்சை வாங்காதே, என்னுடையதைத் தருகிறேன். வேலை முடிந்ததும் பூச்சியத்துக்குத் தளர்த்தி, பெட்டியில் போட்டுத் திருப்பித் தரவேணும்.

அன்புடன்,
மாமா