சி புரோகிராம்ல இன்புட் வாங்குறத சரியா சொல்லிக்கொடுங்க

ஆசிரியருக்கு வணக்கம். காலேஜ் லேப்ல இன்னமும் சி-ல பேரு வாங்கணும்னா ஸ்கேன்எஃப்ல (scanf, கீபோர்டுல அடிக்கறத வாங்குற ஃபங்ஷன்) பர்சென்ட் எஸ் (%s, எழுத்தா வாங்குன்னு அர்த்தம்) போடு, இல்லன்னா கெட்ஸ் (gets, முழு வரியையும் வாங்குறது) போடுன்னுதான் பசங்களுக்கு சொல்லித்தர்றாங்க. அந்த கெட்ஸ் ஃபங்ஷனுக்கு இடம் எவ்வளவு இருக்கு, எங்க நிறுத்தணும்னே தெரியாது, 1988-ல இன்டர்நெட்டையே முடக்கின மோரிஸ் வோர்ம் (தானா பரவுற ஒரு புரோகிராம்) கம்ப்யூட்டர்களுக்கு உள்ள நுழைஞ்ச வழிகள்ல அதுவும் ஒண்ணு, 512 பைட் இடத்துல அதுக்கு மேல கொட்டிட்டாங்க. சி மொழியோட 2011 ஸ்டாண்டர்டுல கெட்ஸ தூக்கியே போட்டாச்சு!

பர்சென்ட் எஸ்ஸும் லேசுப்பட்டதில்ல. "முத்து லட்சுமி 34"னு அடிச்சா ஸ்பேஸ் வந்ததும் நின்னுரும், முத்து மட்டும் பேருக்குள்ள போகும், அடுத்து வயசுக்கு நம்பர் தேடுனா லட்சுமி நிக்கும், வயசுல ஏதோ குப்பை இருக்கும். எத்தனை விஷயம் வாங்குச்சுன்னு ஸ்கேன்எஃப் திருப்பிச் சொல்ற ரிட்டர்ன் வேல்யூ 2 வரணும், 1 தான் வரும், அத யாரும் பாக்கறதே இல்ல.

எஃப்கெட்ஸ்ல (fgets) முழு வரியையும் சைஸ் சொல்லி வாங்கிட்டு, அப்புறம் எஸ்ஸ்கேன்எஃப்ல (sscanf, வாங்கி வெச்ச வரிய பிரிக்கிற ஃபங்ஷன்) பிரிச்சா தப்பு வந்தாலும் அந்த ஒரு வரியோட போயிரும், பேருக்கும் வயசுக்கும் நடுவுல கமா வெச்சா கமா வரைக்கும் எடுன்னுகூட சொல்லலாம். சைஸ் விஷயத்துல நம்ம தமிழுக்கு இன்னும் கவனம் வேணும், ஏன்னா யூடிஎஃப்-8ல (எழுத்துகள பைட்டா சேமிக்கிற முறை) "முருகன்"கிற பேருக்கே 21 பைட் ஆகுது, 20 பைட் அரே (பேர வெக்கிற இடம்) பத்தாது, கடைசி புள்ளி பாதியில அறுந்துரும். லேப் மேனுவல் எழுதுறவங்க தயவுசெஞ்சு இத முதல் பாடத்துலயே சேக்கணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை