அக்காவுக்கு, ரதி சேலை பற்றி

அக்கா,

அப்பாவின் ஆண்டுத் திவசம் முடிந்தது. யார் யார் வந்தார்கள் என்று அம்மா போனில் சொல்லியிருக்கும். நான் எழுதுவது வேறு விஷயம். உன் பெயரைப் போடவில்லை. போட்டால் நாளைக்கே யூடியூப்காரர்கள் இலங்கை மலையகத்தில் இந்த மஸ்கெலியாவுக்கு வேன் பிடித்து வந்துவிடுவார்கள். உன் கல்யாணக் கதையும் இங்கே வேண்டாம். யார் கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்கிறோம், நம்பு.

அப்பாவை அடக்கம் செய்த வாரம் உன் சீரியலிலும் ஒரு அப்பா செத்தார். எப்போதோ எடுத்து வைத்த காட்சி என்று எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. டீவியை நிறுத்தப் போனேன். "இருடா" என்றது. நீ அழுதாய். குரல் உன்னுடையதில்லை, நம்ம பேச்சு அங்கே எடுபடாதென்று வேறொருத்தி பேசுகிறாள். அம்மா சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பார்த்தது. இரண்டு கையாலும் நெஞ்சில் அடித்து, அப்படியே விரித்துத் தரையைத் தடவினாய். "அப்பன் கை" என்றது அம்மா. மாசியில் காமன் கூத்தில் காமனை எரித்த பிறகு, அவன் மனைவி ரதி வேஷத்தில் அப்பா புழுதியைத் தடவுவாரே, அதே தடவல். லயமே, வரிசை வீட்டுச் சனம் முழுக்க, அழும்.

அவர் சேலை கட்டி ஆடினால் விரதம், சாமி காரியம். நீ நடித்தால் கூத்தாடி. கருமாதிக்கு நீ வந்திறங்கியபோது மாமா அப்படி ஏசினார், நான் வாய் திறக்கவில்லை. மன்னித்துக்கொள். ஆனால் நடுச்சாமத்தில் அப்பாவை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவர்தான். அந்த நேரம் உன் போன் வேலை செய்யவில்லை. கூரைத் தகரம் உன் காசில் மாற்றியது, அதையும் மறக்கவில்லை. எத்தனையோ போராட்டம் நடத்தி 2021இல்தான் நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் ஆனது. கொழுந்து பறித்த காசில் அம்மா எந்தக் காலத்தில் தகரம் வாங்குவது?

பேட்டியில் "கண்டிப் பக்கம்" என்றாயே, அக்கா. கண்டிக்கும் நமக்கும் என்ன? தேயிலைத் தோட்டம் என்று சொன்னால் வாய் வெந்தா போகும்?

இப்போது ஏதோ நிகழ்ச்சியில் காட்ட ரதி சேலை வேண்டும் என்கிறாய். தரமாட்டேன். கீழ் லயத்துப் பையன் இந்த மாசிக்கு ரதி கட்டுகிறான்; ஜரிகை விட்ட இடத்தை அம்மாவே தைத்துக் கொடுத்துவிட்டது. அவனுக்கு அந்தக் கை வரவில்லை. அமாவாசை கழிந்து மூன்றாம் நாள் கூத்துக்குக் காமன் கம்பம் ஊன்றுகிறோம். முடிந்தால் வந்து சொல்லிக்கொடு. ஹட்டனில் இறங்கியதும் கூப்பிடு. மாமா முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் ஆட்டோவோடு நிற்பேன்.

தம்பி